நாற்காலிக்குக் குளிருமா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் அவளைக் கம்பளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இல்லாமலில்லை. அதை முழுதாக நான் கேட்டது ஒரே ஒரு தடவை, கோர்ட்டில். இங்கே அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

யாரைக் கண்டாலும் அவள் கை முதலில் அவர்கள் உடுத்தியிருக்கும் துணிக்குத்தான் போகும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு ஓரத்தைப் பிடித்து, சோற்றுப் பதம் பார்ப்பதுபோல ஒரு நசுக்கு. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள். "இது இன்னும் ரெண்டு மழ தாங்கும்" என்பாள். இல்லாவிட்டால், "இத அடிச்சுத் தொவைக்காத புள்ள, அலசி மட்டும் போடு" என்பாள். வயசுப் பெண்கள் கூச்சத்தில் சிரிப்பார்கள். ஆண்கள் ஓரடி பின்னால் போவார்கள். அவளுக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை. காய்ச்சல் பார்க்கப் பிள்ளையின் நெற்றியில் கை வைக்கிறவள் எதற்குக் கூச்சப்படுவாள்?

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், பெரிய கங்காணி அவளைக் கடந்து போனார். கருப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. தோட்டமே மூச்சுக் காட்டாமல் நிற்கிறது. இவள் கையை நீட்டி அவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டாள்.

"கங்காணி, வெளிய பளபளன்னு இருக்கு. உள்ளாற பூச்சி அரிச்சிருச்சு. வெயில்ல போடுங்க."

"ஏய், கைய எடு!" பிரம்பு ஓங்கியது.

எடுத்தாள். ஆனால் அவர் வரிசைக் கடைசிக்குப் போகும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக் கடைசியில் கோட்டின் முதுகுத் தையல் பிரிந்து இரண்டாகத் தொங்கியது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நல்ல துணி, பாவம்" என்றாள்.

திருச்சிக்குத் தெற்கே, மழையை நம்பிய காட்டில் ஆடு வளர்த்துக் கம்பளி நெய்கிற கூட்டம் அவளுடையது. அப்பன் நெய்தான், இவள் நூற்றாள். அப்பனுக்குக் கை மடங்கிப்போனதும் இவளே தறியில் உட்கார்ந்தாள். இதையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னதில்லை. ஏதாவது ஒரு துணியைத் தொடும்போது அதிலிருந்து ஒரு துண்டுக் கதை வரும். மழை பொய்த்து ஆடெல்லாம் செத்த வருஷத்தில் கப்பல் ஏறினார்கள் என்று, ஒரு சணல் சாக்கை முகர்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள். வந்த முதல் வருஷமே புருஷன் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். பிள்ளை கிடையாது. கொழுந்து பறிப்பதில் அவள் சுமார்தான். கண் கொழுந்தில் இருந்தால்தானே.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருந்தது. ஐப்பசி பிறந்தால் நமுனுகுலை மலை மூடிக்கொள்ளும். பிறகு தை வரைக்கும் மழையும் பனிமூட்டமும்தான். கம்பளி இல்லாமல் அந்த மாதங்களைத் தாண்ட முடியாது. பகலில் அதைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு மழையில் நின்று கொழுந்து பறிப்பார்கள். சாயங்காலம் அதையே அடுப்பில் காட்டி உலர்த்திப் போர்த்திக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்று தோட்டத்தில் கொடுப்பார்கள். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் கம்பளிக் கட்டுகள் வந்து இறங்கும் நாளில் அவள் வேலைக்கே போகமாட்டாள். கட்டைப் பிரித்ததும் ஒரு இழையை உருவி, பல்லில் கடித்துப் பார்ப்பாள்.

புதுக் கம்பளியை லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளிடம் கொண்டுவருவார்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்து, கூழாகக் காய்ச்சி வைத்திருப்பாள். தேங்காய் மட்டையால் அந்தக் கூழைக் கம்பளியில் இழை இழையாக ஏற்றிக் காயவைத்துக் கொடுப்பாள். அவள் கை பட்ட கம்பளியில் மழைத்தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழும். இதற்காக அவள் எதுவும் வாங்கியதில்லை. வருஷம் முழுக்க யார் வீட்டில் புளி கரைத்தாலும் கொட்டையை எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். மறந்துபோனவளைக் கொல்லைவரைக்கும் துரத்திப்போய்த் திட்டுவாள்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். நான் அந்தக் குசினியிலேயே வளர்ந்தவள். துரைமார் பேசும் இங்கிலீஷ் காதில் விழுந்து விழுந்தே எனக்கு வந்துவிட்டது. அப்பா இறந்தபிறகு என்னை லயத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் துரை கலியாணம் முடித்து, சீமையிலிருந்து புது துரைசாணியைக் கூட்டிவந்தார். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் என்னை வைத்துக்கொண்டார்கள். அவளுடைய அறை வேலையும், அவள் பேச்சைத் தமிழிலும் மற்றவர்கள் பேச்சை இங்கிலீஷிலும் சொல்கிற வேலையும் எனக்கு. அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். தேயிலைச் செடிக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை. அட்டைக்கடி என்றால் என்னவென்று பார்த்துத்தான் தெரியும், பட்டுத் தெரியாது.

துரைசாணி ஒருநாள் குதிரையிலிருந்து இறங்கி மலைப்பாதையில் நடந்து வந்தாள். பின்னால் நான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கம்பளியக்கா மட்டும் ஒதுங்கவில்லை. துரைசாணியின் கனத்த பாவாடையைக் குனிந்து பிடித்தேவிட்டாள்.

கங்காணி ஓடிவந்தார். துரைசாணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். இந்தப் பெண் என்ன பார்க்கிறாள் என்று என்னைக் கேட்டாள்.

"இது நம்மூர் ஆட்டு மயிரு இல்ல" என்றாள் கம்பளியக்கா, பாவாடையை விடாமல். "நீள மயிரு. குளிர் நாட்டு ஆடு. நூத்தவன் கெட்டிக்காரன். நெய்ஞ்சவன் அவசரக்காரன்."

நான் சொன்னேன். துரைசாணி முதலில் திகைத்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் துணியைத் தன் ஊரில் ஒரு கிழவன் கைத்தறியில் நெய்தான், குடித்துவிட்டு நெய்தான் என்றாள். மறுநாளே கம்பளியக்காவைப் பங்களாவுக்கு வரச் சொன்னாள்.

அந்தத் துரைசாணி கெட்டவள் இல்லை. பொழுது போகாதவள். மற்றப் பங்களாக்களில் இருப்பதைப்போலக் கப்பலில் வந்த மேசை நாற்காலி தனக்கு வேண்டாம், இந்த மலையில் இருக்கிற கை வேலையை வைத்தே தன் வீட்டுச் சாமானைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. படம் போட்டுப் போட்டு வைத்திருந்தாள். பதுளையிலிருந்து தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரை வரவழைத்தாள். அவர் பலா மரத்தில் நாற்காலிச் சட்டங்களைச் செய்தார். உட்காருகிற இடமும் சாய்கிற இடமும் வெறுமையாக இருந்தன. அதைக் கம்பளியால் நிரப்ப வேண்டும் என்றாள்.

கம்பளியக்கா சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிழிந்த பழைய கம்பளிகளை எடுத்து, ஓரம் மடித்துத் தைத்து, நாலு விரல் அகலத்தில் நீள நீளப் பட்டிகளாக்கினாள். கட்டிலுக்கு நாடா பின்னுவதைப்போல அந்தப் பட்டிகளை மேலும் கீழுமாகக் கோத்து இழுத்துக் கட்டினாள். கருப்பும் பழுப்பும் மாறி மாறி வந்தன. துரைசாணியின் நூல்கூடையிலிருந்து சிவப்பு நூல் வாங்கி, ஓரத்தில் ஒரு கோடு ஓட்டினாள்.

வேலை முடிந்ததும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பங்களா நாற்காலியில் நாங்கள் யாரும் உட்காரக் கூடாது. அவள் குசினிக்குப் போய் அம்மிக்கல்லைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தாள். ஒரு நாள் முழுக்க அம்மி அதிலே உட்கார்ந்திருந்தது. மறுநாள் கல்லை எடுத்துவிட்டுப் பட்டியைத் தட்டிப் பார்த்தாள். ஒரு நூல்கூடத் தளரவில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகள் தடவித் தடவி அதிசயப்பட்டார்கள். எங்கள் துரைசாணிக்கு ஆசை பெருகியது. வருகிற இங்கிலீஷ் வருஷப்பிறப்புக்குப் பெரிய விருந்து வைக்க வேண்டும், ஹாலில் பதினாறு நாற்காலியும் ஒரு நீளச் சாய்மணையும் இதேபோல இருக்க வேண்டும் என்றாள். பாஸ் சட்டங்களை முடித்துவிட்டார். பழைய கம்பளிதான் போதவில்லை.

கார்த்திகை மாதம் வண்டியில் ஒரு கட்டு வந்தது. அதில் இருபத்திரண்டு கம்பளி. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் ஊரிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்திருந்தது. ஆற்றோரத்து லயத்தில் அவர்களைக் குடிவைத்திருந்தார்கள். சுவரெல்லாம் ஈரம் பூத்த லயம் அது. கட்டு அவர்களுக்காக வந்தது. அவர்களிடம் இருந்ததெல்லாம் உடுத்திவந்த பருத்தித் துணிதான்.

நோயில் கோப்பிச் செடிகள் அழிந்த காலத்திலிருந்து சும்மா கிடந்த பழைய கோப்பி ஸ்டோரை நாற்காலி வேலைக்குக் கொடுத்திருந்தார்கள். துரைசாணி கட்டை நேராக அங்கே கொண்டுவந்து போடச் சொன்னாள். கம்பளியக்கா கட்டுக்குள் கையை விட்டாள். ஒன்றை உருவி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல சரக்கு" என்றாள். "இது யாருக்கு வந்துச்சு?"

"புதுசா வந்த ஆளுகளுக்கு" என்றேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

அவள் கம்பளியை மடித்துக் கட்டின்மேல் வைத்தாள். "நாற்காலிக்குக் குளிருமான்னு தொரசாணிகிட்டக் கேளு."

நான் கட்டின் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"கேளு புள்ள. அவங்களுக்கு விசயம் தெரியாமக்கூட இருக்கும். அந்த ஆளுகளுக்கு வேற கம்பளி இருக்கான்னு கேளு. இருந்தா நான் இப்பவே வெட்டுறேன்."

துரைசாணி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவாம் என்று கேட்டாள்.

அதற்கு முந்தைய வாரம்தான் பங்களாத் தோட்டக்காரன் ஒருவனை, எதிர்த்துப் பேசினான் என்று தேயிலை மலை வேலைக்கு இறக்கியிருந்தார்கள். அவன் காலெல்லாம் அட்டை கடித்துப் புண்ணாகி நொண்டிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அதுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

கம்பளி ரொம்ப நன்றாக இருக்கிறதாம், விருந்துக்குள்ளே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுவாளாம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரைசாணி சந்தோஷப்பட்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் கம்பளியக்கா.

"வேற கட்டு பண்டாரவளைக்கு வந்துருச்சாம் அக்கா. ரெண்டு நாளுல வண்டி போவுதாம். அத அந்த ஆளுகளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கத்தரியை எடுத்தாள்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் துரைசாணி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை கட்டைத் திருப்பி அனுப்பியிருப்பாள். ஒருவேளை முகத்தைச் சுளித்து, நாற்காலிதான் முக்கியம் என்றிருப்பாள். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கம்பளியக்கா ஸ்டோரை விட்டு வெளியே வரவில்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. பெரட்டுக்குப் போகவில்லை, லயத்துக்குப் போகவில்லை. வெளியே விடாத மழை. இருபது கம்பளி நாற்காலிக்கும் சாய்மணைக்கும் போயிற்று. மிஞ்சிய இரண்டைத் துரைசாணி எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

நாற்காலிகளை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரிசையாகப் போட்டபோது அந்த அறையே வேறுமாதிரி ஆகிவிட்டது. கம்பளியக்காவுக்கு வேலை முடிந்தது. மறுநாள் காலை பெரட்டுக்குப் போனாள்.

அங்கே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். புது ஆட்கள் வரிசைக் கடைசியில் நின்றிருக்கிறார்கள். இவள் வழக்கம்போலத் தோளைத் தொட்டுக்கொண்டே போயிருக்கிறாள். முதல் தோளில் அரிசிச் சாக்கு. அடுத்த தோளில் நனைந்த வேட்டி. அதற்கடுத்து ஒரு சின்னப் பெண், பதினெட்டு வயதுகூட இருக்காது, சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குக் கம்பளி குடுக்கலையா?"

"இல்லீங்க."

"யாருக்குமேவா?"

"யாருக்கும் வரலீங்க. வந்தது தொரசாணிக்குப் போயிருச்சுன்னாங்க."

"கைப்புள்ளக்காரி மாதிரி இருக்க. புள்ள எங்க?"

அந்தப் பெண் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவன்தான் சொன்னான். நெஞ்சுச்சளி கட்டி, மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு வயசாளி. அன்றைக்கு இரண்டு பேர் காய்ச்சலோடு லயத்தில் கிடந்தார்கள்.

கம்பளியக்கா பெரட்டை விட்டு விலகி நேராகப் பங்களாவுக்கு வந்தாள். குசினி வாசலில் நான் நின்றிருந்தேன். என் தோளில் புதுக் கம்பளி. இரண்டு விரலால் அதன் ஓரத்தைப் பிடித்தாள்.

"இது அந்தக் கட்டுல உள்ளது" என்றாள்.

மறு கையால் என் தோளில் கிடந்ததையும் தடவிப் பார்த்தாள்.

"பண்டாரவளைக்குக் கட்டு வந்துருச்சுன்னியே."

அவள் விரலை எடுத்துவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். லயத்து ஆள் யாரும் குசினியைத் தாண்டிப் போனதில்லை. துரை மலைக்குப் போயிருந்தார். துரைசாணி தலைவலி என்று படுத்திருந்தாள்.

ஹாலில் முதல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். கத்தியை எடுக்கவில்லை. பட்டியின் கடைசி முனையை எங்கே செருகினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அதை உருவி இழுத்தாள். கோத்த பட்டி சரசரவென்று கழன்று தரையில் விழுந்தது. அடுத்த நாற்காலி. அதற்கடுத்தது. ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு இறுக்கிய நாற்காலி ஒவ்வொன்றும் கண் மூடித் திறப்பதற்குள் வெறும் சட்டமாகியது.

சாய்மணைக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தாள். "இது நீளம். ஒரு முனையப் பிடிக்கிறியா?"

"அக்கா, வேணாங்க்கா. விட்டுருங்க."

"பிடிக்கிறியா இல்லையா?"

நான் கதவோரம் நின்றேன். பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அவள் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு தனியாகவே உருவினாள். எல்லாவற்றையும் சுருட்டி மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே மழையில் இறங்கிப் போனாள்.

துரைசாணி எழுந்து வந்து, பதினாறு நாற்காலியும் சாய்மணையும் வெறும் சட்டங்களாக நிற்பதைப் பார்த்தாள். அவள் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் இப்படிச் செய்தாள் என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஆற்றோரத்து லயத்தில் கம்பளியக்கா பட்டிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் கம்பளியே அப்படித்தான், ஒடுக்கமாக நெய்து பக்கம் பக்கமாக மூட்டுவது. புது ஆட்களின் பெண்களும் ஊசியெடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணி இரண்டு ஆளோடு போனார்.

"எடுத்ததக் கொண்டா இங்க."

"இன்னும் ரெண்டு பட்டி மூட்டணும். இருங்க கங்காணி" என்றாளாம், தலையைத் தூக்காமல்.

அவளை இழுத்துக்கொண்டுபோய் ஸ்டோரில் பூட்டினார்கள். தைத்த கம்பளிகளைப் பிடுங்க, அந்தக் கூட்டம் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த ஒரு ராத்திரி ஆற்றோரத்து லயத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். மறுநாள் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். திருட்டுச் சாமான் என்று வீடு வீடாகப் போய்க் கம்பளிகளை வாங்கி அடுக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண் தன்னுடையதைத் தானே மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோர்ட்டுக்கு என்னைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். துரைசாணி வரவில்லை. வழக்குப் பேச்சைத் தமிழில் சொல்கிறவர் கேட்டார்.

"இந்தத் துணிகளை எடுத்துப்போகும்படி துரைசாணி அம்மா சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"எடுத்ததைக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

மூன்றும் உண்மை. அன்றைக்கு நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். "அது ஆளுகளுக்கு வந்த கம்பளிங்க. நாற்காலிக்கு வந்ததில்ல" என்றாள். பிறகு கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு கட்டு வருவதாக நான் சொன்னேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மாதம் மறியல் என்று ஜெயிலில் போட்டார்கள்.

விருந்து நடந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாற்காலி இரவல் வாங்கினார்கள். பொங்கலுக்கு அப்புறம் புது ஆட்களுக்குக் கம்பளி வந்து சேர்ந்தது. அதற்குள் அந்த லயத்தில் இன்னும் ஒருவர் போயிருந்தார். பொலிஸ்காரர்கள் எடுத்துப்போன கம்பளிகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது.

மறியலிலிருந்து வெளியே வந்தவளைத் தோட்டத்தில் சேர்க்கவில்லை. வேறு தோட்டத்தில் வேலை கேட்க வேண்டுமானால், விட்டுவந்த தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். அதையும் கொடுக்கவில்லை. மொனராகலைப் பக்கம் நடந்துபோனாள் என்றார்கள். செத்துப்போனாள் என்றும் சொன்னார்கள்.

நாலு வருஷம் கழித்து, பங்களாவுக்கு மெத்தை சொல்லிவிட்டு வரப் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனேன். மெத்தைக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்பார்கள். அளவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடையின் பின்கட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. நிற்காத இருமல். எட்டிப் பார்த்தேன். இலவம்பஞ்சுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கம்பளியக்கா கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் பஞ்சு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அந்தப் பொம்பளையத் தெரியுமா புள்ள?" என்றார் நானா. "துண்டு இல்லன்னு ஒருத்தரும் வேல குடுக்கல. நான் வச்சுக்கிட்டேன். அது தச்ச மெத்த ஒண்ணும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. நெஞ்சுக்கு ஆகாது, பஞ்சுகிட்ட ஒக்காராதன்னு சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

நான் உள்ளே போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. கை வேலையை நிறுத்தவில்லை.

நாலு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கடைசியில், "அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டத நான் தொரசாணிகிட்டச் சொல்லவே இல்ல" என்றேன். "கட்டு வருதுன்னு அவங்க சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அவள் ஒரு பஞ்சுக் கொத்தை எடுத்து, பிய்த்து, கொட்டையைத் தனியே போட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"பயந்துட்டேன்."

"என்னத்துக்கு?"

"என்னப் பங்களாவ விட்டு மலைக்கு எறக்கிருவாங்கன்னு."

இருமல் வந்தது. குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு இருமி முடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எறக்குனாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றாள். அடுத்த கொத்தை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்காரன் வெளியே கூப்பிட்டான். எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் நான் அந்தப் பங்களாவில்தான் வேலை செய்தேன்.